இந்தியன் ஓஷன்: ஓர் இசைக்குழுவை முதலிலிருந்து கேட்டல்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஒரு புலவரை அறிய விரும்புவோர் அவருடைய நூல்களை எழுதப்பட்ட வரிசையிலேயே படித்தல் நலம் என்று தமிழ்ப் பேராசிரியர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். அந்த முறையை இசைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று கோடை விடுமுறையில் எனக்குத் தோன்றியது. இதற்கு நான் தேர்ந்துகொண்டது டெல்லியில் தோன்றிய 'இந்தியன் ஓஷன்' என்னும் குழு. கேட்டதையும் கற்றதையும் தோழர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்று ராக் என்றால் என்ன?

கிதாரும் டிரம்ஸும் முதன்மையாக ஒலிக்கும் மேலைநாட்டு இசையை ராக் என்பர். அதில் சந்தையின் போக்கிற்கு வளையாமல் தம் வழியே சென்றவர்களின் இசைக்கு 'மாற்று ராக்' என்று பெயர் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக ஊரில் 1980-இல் தோன்றிய 'ஆர்.இ.எம்.' குழு இதற்குத் தக்க சான்று. கல்லூரி வானொலிகளே அக்குழுவை முதலில் வளர்த்தன. 2011-இல் கலையும் முன்னர் அது 15 இசைத்தொகுப்புகளைத் தந்தது. நம் நாட்டில் அவ்வாறு நீண்ட காலம் தன் வழியில் நடந்த குழு எது என்று தேடினால் இந்தியன் ஓஷன் முன் வரிசையில் நிற்கிறது.

தோற்றம்

கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அசீம் சக்ரவர்த்தியும் 1990-இல் இக்குழுவைத் தொடங்கினர். 1991-இல் ராகுல் ராம் பேஸ் கிதாருடன் சேர்ந்தார். 1994-இல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலாம் வந்தார். இந்நால்வர் அணியே பதினைந்து ஆண்டுகள் நிலைத்தது.

அறிவியல் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ராகுல் ராம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதியியல் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றினார். நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் தம் ஆற்றைத் தாயென விளித்துப் பாடும் பாடல் 'மா ரேவா' என்ற பெயரில் இக்குழுவின் பாடலானது. ரேவா என்பது நர்மதையின் மற்றொரு பெயர்.

வரிசையாகக் கேட்டவை

முதல் தொகுப்பு 1993-இல் குழுவின் பெயரிலேயே வந்தது. அடுத்து வந்த 'டெசர்ட் ரெயின்' (1997) மேடை நிகழ்ச்சியில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது. இதில் பருத்திக்காய்க் கூன்வண்டின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய இசையும் உண்டு. பஞ்சும் நூலும் புழங்கும் ஊரில் பிறந்த எனக்கு அந்தத் தலைப்பே நெருக்கமாகப் பட்டது.

மூன்றாவதாகிய 'கந்தீசா' (2000) குழுவை நாடறியச் செய்தது. தலைப்புப் பாடல் கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடல். அதன் மொழி அரமேய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சிரியாக். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் பாடப்படும் பாடல், டெல்லி சென்று கிதாருடன் சேர்ந்து நம் செவிக்குத் திரும்பியிருக்கிறது! இதே தொகுப்பில் உள்ள 'ஹில்லே லே', போஜ்புரியில் கோரக் பாண்டே எழுதிய உழைப்பாளர் கவிதை.

2003-இல் வந்தது 'ஜீனீ'. கபீர்தாசரின் பாடலையொட்டி அமைந்தது இத்தலைப்பு. மனித உடலை மெல்லிய நெசவுத் துணியாகக் காணும் பாடல் அது. கபீர் நெசவாளர். என் பெற்றோர் சோமனூர்ப் பகுதியில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகின்றனர். பாவும் ஊடையும் நாடாவும் எங்கள் வீட்டில் பிழைப்பின் சொற்கள். அவை மெய்ப்பொருளின் சொற்களாகவும் இருந்திருக்கின்றன என்பதை, இந்தி அறியாத நான் நண்பரொருவர் சொல்லிய பொருளின் வழியே உணர்ந்தேன். பாடலை அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். "தறிக்காரர் பாட்டுங்களா? இன்னொருக்கா போடு" என்றார்.

பிறகு, 1993-ஆம் ஆண்டு பம்பாய்க் குண்டுவெடிப்பைப் பற்றிய 'பிளாக் ஃபிரைடே' திரைப்படத்திற்கு இசையமைத்தனர். வழக்கின் காரணமாகத் தடைபட்ட அப்படம் 2007-இல்தான் இந்தியாவில் திரைக்கு வந்தது. பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' என்னும் பாடல் அதில் புகழ்பெற்றது.

இழப்பும் தொடர்ச்சியும்

2009 டிசம்பர் 25 அன்று அசீம் சக்ரவர்த்தி காலமானார். அவர் குரல் பதிந்த பாடல்கள் '16/330 கஜூர் ரோடு' என்ற தொகுப்பாக 2010 முதல் வெளிவந்தன. அத்தலைப்பு, குழுவினர் பயிற்சி செய்த டெல்லி கரோல்பாக் வீட்டின் முகவரி. மாதம் ஒரு பாடலாக இணையத்தில் விலையின்றி வழங்கினர். 2013-இல் சுஷ்மித் சென்னும் விலகினார். அவர் வாசித்த 'தந்தானு' 2014-இல் வந்தது. சுபா முத்கல், சங்கர் மகாதேவன், நம் தமிழகத்துக் கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ் முதலியோர் அதில் பங்கேற்றனர்.

தொடங்கிய இருவரும் இல்லாத குழு, அதே குழுதானா? வரிசையாகக் கேட்டுவந்தவர்க்கே இக்கேள்வி எழும். ஹிமான்ஷு ஜோஷி, துஹீன் சக்ரவர்த்தி, நிகில் ராவ் ஆகியோரின் துணையுடன் குழு 'மசான்' (2015) திரைப்படத்திற்கு இசை தந்தது. 2023-இல் 'தூ ஹை' என்னும் தொகுப்பையும் வெளியிட்டது. அசீமின் குரலை நான் புதியவற்றில் தேடினேன், அது இல்லை. ஆனால் மக்கள் பாட்டை எடுத்து, அவசரமின்றி வளர்த்து, மெல்ல உச்சத்திற்குக் கொண்டுசெல்லும் முறை அப்படியே இருக்கிறது. ஆட்கள் மாறினாலும் கற்பிக்கப்பட்ட முறை நிற்கும் என்பது என் முடிவு.

நம் மண்ணுக்கு வருவோம்

கற்பிக்க ஆள் இல்லாவிடில் என்னாகும்? நம் கொங்கு நாட்டில் வள்ளி கும்மி உண்டு, ஒயிலாட்டம் உண்டு, பொன்னர் சங்கர் வரலாற்றை உடுக்கையடித்து இரவுதோறும் பாடும் அண்ணன்மார் கதை உண்டு. பிரெண்டா பெக் என்னும் மானுடவியல் அறிஞர் 1965-இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி அக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-இல் அதனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூலாக்கியது. ஒருவர் பொறுமையாக அமர்ந்து கேட்டதனால், பாடியவர்களுக்குப் பின்னும் அவர்களின் பாட்டு நிற்கிறது.

என் அம்மாயிக்குக் கும்மிப் பாட்டுகள் பல தெரியும். பள்ளிக்கூடம் சென்றறியாதவர். எங்கள் வீதியில் அவற்றை முழுமையாகப் பாடக் கூடியவர் இன்று அவர் ஒருவரே. அவருக்கு வயது எழுபத்தெட்டு. "இதையெல்லாம் காலேஜுல கேப்பாங்களா கண்ணு?" என்று சிரிப்பார். தறிச் சத்தம் நிற்கும் ஞாயிறு பகல்களில் கைப்பேசியில் பதிந்து வருகிறேன். இதுவரை பதினொரு பாடல்கள் சேர்ந்துள்ளன. பாடிய நாள், பாடலின் சந்தர்ப்பம், வட்டாரச் சொற்களுக்குப் பொருள் ஆகியவற்றை ஆய்வகக் குறிப்பேடு போலவே தனி நோட்டில் எழுதி வைக்கிறேன்.

தோழர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நாம் கற்றுத் திரும்பும்போது வீட்டில் நமக்குக் கற்பிக்க இன்னும் சிலர் இருப்பர். இந்தியன் ஓஷனின் பாடல்கள் பதிவில் இருக்கின்றன. அடுத்த ஆண்டும் கேட்கலாம். நம் பாட்டிமார் பாடல்களுக்கு அந்த உறுதி இல்லை. எனவே அவற்றை இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதுவோம்.