வீட்டுக் கூரையும் வெள்ளி நைட்ரேட்டும்
இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்று ஏனோ நம் முன்னோர் யாரும் சொல்லி வைக்கவில்லை.

என் தந்தையார் கொத்தனார். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரச் சிற்றூர்களில் முப்பது ஆண்டுகளாகப் பிறருக்கு வீடு கட்டி வருபவர். எங்களுக்கென்று அவர் கட்டிய வீடு 2009-இல் முடிந்தது. 2023 ஐப்பசியில் ஓர் இரவு, கூரையிலிருந்து முறம் அளவு காரை பெயர்ந்து, அப்பத்தா படுத்திருந்த கட்டிலுக்கு அருகில் விழுந்தது. நல்லவேளை, அவர் சுவரோரமாகத் திரும்பிப் படுத்திருந்தார். சில மாதங்களில் தங்கையின் செவிலியர் படிப்புக்காக வீட்டின்பேரில் கடன் கேட்டோம். மதிப்பிட வந்தவர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கட்டடத்துக்கு அவர் போட்ட தொகை, அப்பா எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட வேதனை ஊர்ப்பேச்சு: 'சொந்த வீட்டிலேயே சிமெண்டைக் குறைத்தவர், அடுத்தவர் வீட்டில் என்ன செய்திருப்பார்?'

இதற்கு விடை காண வேதியியலின் துணையை நாடினேன்.

சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் கான்கிரீட்டின் உள்ளே பி.எச். மதிப்பு 12-க்கும் மேல் இருக்கும். இக்காரச் சூழலில் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தோன்றி அதைத் துருவிலிருந்து காக்கிறது. இப்படலத்துக்குப் பகைவர் இருவர். ஒன்று, காற்றிலுள்ள கரியமிலவாயு. அது சிறுகச் சிறுக உட்புகுந்து, ஹைட்ராக்சைடைக் கார்பனேட்டாக மாற்றிக் காரத்தன்மையைக் குறைக்கிறது. சிமெண்டு குறைந்த, துளைகள் மிகுந்த கான்கிரீட்டில் இது விரைவாக நடக்கும். மற்றொன்று குளோரைடு, அதாவது உப்பு. காரத்தன்மை குறையாமலிருந்தாலும் அது படலத்தைத் துளைத்துவிடும். எவ்வழியில் வந்தாலும் துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில்தான் காரை வெடித்து விழுகிறது.

ஆக, எங்கள் கூரையில் நுழைந்த பகைவர் யார்? விழுந்த துண்டு ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். அதைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தேன். காரத்தன்மை இழந்த பகுதி நிறமற்று நிற்க வேண்டும். ஆனால் மேல்விளிம்பில் ஒரு மெல்லிய கோட்டைத் தவிர, கம்பி பதிந்திருந்த தடம் வரை நல்ல ரோஜா நிறம்! கரியமிலவாயு கம்பியை எட்டவே இல்லை. பிறகு உட்பகுதியைத் தூளாக்கி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இட்டு, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட்டு விட்டேன். தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு திரண்டது. (வெள்ளி நைட்ரேட்டு விலை மிகுந்தது என்று ஆய்வக உதவியாளர் அன்று இரண்டு முறை நினைவூட்டினார்.)

அடுத்த வாரம் எங்கள் கிணற்று நீரைப் பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாகக் கொண்டு தரம் பார்த்தேன். லிட்டருக்கு ஏறத்தாழ 1,100 மில்லிகிராம் குளோரைடு. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் 500-க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன் வரம்பு. 2009-இல் இருந்த நீர் இன்று இல்லைதான். ஆனால் அந்நாளிலும் அது கரிக்கும், குடிக்க எடுக்கமாட்டோம் என்கிறார் அப்பத்தா. குடிநீரை விலைக்கு வாங்கிய ஊரில், கான்கிரீட்டுக்கு யார் நல்ல நீர் வாங்குவார்கள்?

'சிமெண்டு குறையவில்லை அப்பா, தண்ணீர்தான்' என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'அப்படியானால் இந்தத் தெருவில் நான் கட்டிய மற்ற வீடுகள்?' என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

நாங்கள் செய்த மற்றொரு தவறு, வெடிப்பை மறைத்தது. 2018-இலேயே கூரையின் அடியில் கம்பி ஓடும் வரிசையில் பழுப்புக் கறை தெரிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசிவிட்டோம். உப்பு ஏறிய கான்கிரீட்டில் ஓரிடத்தை மட்டும் புதிதாகப் பூசினால், பூசிய பகுதியிலுள்ள கம்பி எதிர்மின்வாயாகவும், ஒட்டியுள்ள பழைய பகுதிக் கம்பி நேர்மின்வாயாகவும் மாறி, பக்கத்தில் துரு விரைந்து ஏறும். நாம் பாடத்தில் வரைந்த மின்கலமேதான் இது. தளர்ந்த காரையைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவை முழுதும் தேய்த்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிய பிறகே பூச வேண்டும். அப்போதும் அண்டைப் பகுதியை ஆண்டுதோறும் தட்டிப் பார்ப்பது நல்லது. தளர்ந்த இடம் பொள்ளென்று ஒலிக்கும்.

நீரின் தரத்தைப்போலவே அளவும் முக்கியம். ஐம்பது கிலோ மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டர் அளவில் நின்றால் நல்லது. ஆனால் கலவை இளகலாக இருந்தால் சித்தாட்களுக்கு வேலை எளிது என்பதால், இன்னொரு வாளி ஊற்றுவது வழக்கம். வினையில் சேராத அந்த நீர் பின்னர் உலர்ந்து வெளியேறிய வழியெல்லாம் துளைகள். அவ்வழியே மழைநீர் இறங்கும். போட்ட தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும் அப்படியே. வெயில் மிகுந்த இடத்தில் குறைந்தது பத்து நாள் என்கிறது விதி. நாங்கள் நான்காம் நாளே விட்டுவிட்டோம். லாரித் தண்ணீர் அன்று அவ்வளவு விலை.

மாடித்தளத்தில் நீர் தேங்கவிடக்கூடாது. தட்டோடு பதித்தவர்கள் அதன் இணைப்புகளில் காரை பெயர்ந்ததா என்று ஐப்பசிக்கு முன் பார்க்க வேண்டும். கைப்பிடிச்சுவரில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலையில் பிடுங்குவது எளிது. இரண்டு ஆண்டு கழித்துச் சுவரையே இடிக்க நேரும். சுவரடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்தால் பலர் அதன்மேல் எண்ணெய் வண்ணம் அடிக்கிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. வேறு பயன் கண்டதில்லை.

பத்திரம், பட்டா, வீட்டுவரி இரசீது ஆகியவையும் வீட்டின் மதிப்பில் அடக்கம். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்ததால், எங்கள் கடன் மனு மேலும் இரண்டு மாதம் தாமதமாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு புட்டியில் தண்ணீரோடு வந்தார். பக்கத்து ஊரில் அவர் தொடங்கவிருந்த வீட்டின் ஆழ்குழாய்க் கிணற்று நீர். பேராசிரியரின் அனுமதி பெற்றுத் தரம் பார்த்தேன்: 340. தொலைபேசியில் சொன்னபோது, 'எழுதிக் கொடு, வீட்டுக்காரரிடம் காட்டுகிறேன்' என்றார். வெள்ளிக்கிழமை அங்கே கான்கிரீட் போட்டார்கள்.