அசைந்த வீட்டின் வெடிப்பை அடைத்தல்

முருங்கன், நானாட்டான் பக்கத்துக் களிமண் நெல்லுக்கு நல்லது, வீட்டுக்குப் பொல்லாதது. கோடையில் சுருங்கிப் பிளக்கும், மாரியில் தண்ணீரைக் குடித்து ஊதும். ஆழமில்லாத அத்திவாரம் அதனுடன் இறங்கி ஏறும். சுவர் வளையமாட்டாது, வெடிக்கும். வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த வீடென்றால், கூரை போன சுவருக்குள் மழை இறங்கிச் சாந்தும் கரைந்திருக்கும்.

பூச்சில் மட்டும் வலைபோலத் தெரியும் மயிர் வெடிப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. யன்னல் மூலையிலிருந்து படிபடியாகச் சரிந்து ஏறி, உள்ளும் வெளியும் ஒரே இடத்தில் தெரிவதே அசைவு வெடிப்பு. அது மேலே அகன்றிருந்தால் பெரும்பாலும் வீட்டின் மூலை இறங்குகிறது; கீழே அகன்றிருந்தால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறது.

உடனே சீமெந்து குழைக்காதீர்கள். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு கீறித் திகதி எழுதுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் குறுக்கே வைத்து இரு முனையையும் சாந்தால் ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் அது உடையும். ஒரு கோடையும் ஒரு மாரியும் பார்த்தால்தான் உண்மை தெரியும். சுவர் சாய்ந்திருந்தாலோ, வெடிப்பு ஓர் அங்குலத்துக்கு மேல் விரிந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம். மரத்தால் முட்டுக்கொடுத்து, பிள்ளைகளை அந்த அறையில் படுக்கவிடாமல், நல்ல மேசன் ஒருவரிடம் காட்டுங்கள்.

முதலில் காரணத்தைத் தீர்க்க வேண்டும். கூரைத் தண்ணீரும் குசினித் தண்ணீரும் சுவரடியில் நிற்கக்கூடாது. வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். (மிதிவெடி அகற்றியதாக உறுதி தெரியாத வளவில் மண்வெட்டி போடவே கூடாது.) சுவரோரம் நிற்கும் பெரிய மரத்தை ஒரே நாளில் தறிப்பதும் ஆபத்து. அது உறிஞ்சிய நீர் மண்ணில் தங்கி, களி ஊதிச் சுவரைக் கிளப்பும். கொப்புகளைச் சிறிது சிறிதாகக் கழியுங்கள்.

கோடை முடிவில் வெடிப்பு வாய் பிளந்து நிற்கும்போது கடுஞ்சீமெந்தால் அடைப்பவர்கள் பலர். மாரியில் சுவர் மூட இடமில்லாமல் பக்கத்தில் வெடிக்கும். மழை ஓய்ந்த தை மாதமே ஏற்றது. அரை அங்குல அகலம், ஓர் அங்குல ஆழத்துக்கு உளியால் வெட்டி, தூசியைத் துடைத்து, நன்றாக நனையுங்கள். சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற சாந்தை இறுக்கி அடைத்து, 7 நாள் ஈரச்சாக்குப் போடுங்கள். வெடித்த கல்லை எடுத்துவிட்டு முழுக்கல் வைப்பது இன்னும் நல்லது. மண்சுவருக்குச் சீமெந்து ஒட்டாது. அதே மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து அடையுங்கள்.

பழைய வீட்டோடு பின்பு இறக்கிய பத்தி வேறாகத்தான் அசையும். அந்த இடைவெளியைச் சாந்தால் பூட்ட முயல்வது வீண்வேலை. தும்புக்கயிற்றை இறுக்கித் திணித்து, மேலே ஒரு பலகைச் சட்டத்தை ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஆணியடித்து மூடிவிடுங்கள். இரு பக்கமும் அடித்தால் பலகை பிளந்துபோகும்.