நுரைக்காத சோப்பும் நோயாளியின் தோலும்

படுக்கையில் இருக்கும் நோயாளியை வீட்டில் குளிப்பாட்டுவோர் நம்மிடம் கூறும் குறை ஒன்று உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைப்பதில்லை; குளித்த பின்னர் உடலெங்கும் அரிப்பு. நுரை வராவிட்டால் அழுக்கும் போகாது என்று எண்ணி, அவர்கள் மேலும் சோப்பைத் தேய்க்கின்றனர். குறை பெரும்பாலும் சோப்பில் இல்லை, நீரில் இருக்கிறது.

மழைநீர் மென்மையானது. அது மண்ணுக்குள் இறங்கிப் பாறைகளினூடே செல்லும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு கடினநீராகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் இத்தகையதே. சோப்போ கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்பு. கடினநீரில் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ள, நீரில் கரையாத வெண்ணிறப் படிவு உண்டாகிறது. வாளியின் உட்புறத்தில் நாம் காணும் பிசுக்கு அதுவே. இவ்வுப்புகள் சோப்போடு சேர்ந்து தீரும்வரை நுரை எழாது. அதுவரை தேய்த்த சோப்பெல்லாம் படிவாகித் தோலின் மடிப்புகளில் தங்குகிறது. முதியோரின் வறண்ட தோலுக்கும், கரப்பான் உள்ள குழந்தைகளின் தோலுக்கும் இது எரிச்சலூட்டக்கூடும்.

உங்கள் வீட்டு நீரை நீங்களே சோதிக்கலாம். ஒரு புட்டியில் பாதியளவு நீர் விட்டுச் சிறிது சோப்புச் சீவலை இட்டுக் குலுக்குங்கள். நுரை குறைந்து நீர் பால்போல் கலங்கினால் அது கடினநீர். பிறிதொரு புட்டியில் மழைநீரை வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கடினநீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது.

கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டுமே நீங்கும். சல்பேட், குளோரைடு உப்புகள் அப்படியே இருக்கும். படிகாரம் கலங்கலைத்தான் தெளியவைக்கும், கடினத்தன்மையைப் போக்காது. ஆகவே எளிய வழி, சோப்பைக் குறைத்து, நீரை மிகுத்து அலசுவதே. கடைசிக் குவளைக்கு மழைநீர் கிடைத்தால் மிக நன்று. கடினநீரிலும் படிவு உண்டாக்காத, 'சிண்டெட்' எனப்படும் சோப்பில்லாக் கட்டிகளும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. துடைத்தவுடன், ஈரம் முற்றிலும் உலருமுன், மருத்துவர் கூறிய களிம்பைத் தடவுங்கள்.

நீரை மென்மையாக்கும் கருவி வாங்கினால் கரப்பான் குணமாகுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், அக்கருவியால் கூடுதல் பயன் காணப்படவில்லை. அதை நம்பிக் கடன்பட வேண்டாம் என்பதே நம் கருத்து. வேறு காரணத்துக்காக அதை முன்பே வாங்கியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பிட்டு இயக்கும் இக்கருவிகள் கால்சியத்தை நீக்கிச் சோடியத்தை நீரில் சேர்க்கின்றன. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் அந்நீரைக் குளிக்க மட்டும் பயன்படுத்துங்கள். குடிக்கவும் சமைக்கவும் வேண்டுமெனில் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.