சிலிக்கன் தூண்களும் ஒளியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் நுண்ணிய தூண்களைக் கண்ணாடித் தகட்டின்மேல் நிரப்பி, அவற்றின் ஊடே செல்லும் ஒளியை விரும்பியவாறு திருப்பும் அமைப்பு மீப்பரப்பு எனப்படுகிறது. இதைக் குறித்த தவறான எண்ணங்களுள் மிக ஆழமாக வேரூன்றியது, ஒளியின் தளவிளைவை, அதாவது அதன் மின்புலம் அதிரும் திசையை, ஆள்வதற்குக் கால்சைட் போன்ற படிகங்களே தேவை என்பதாகும். 1669இல் டென்மார்க் அறிஞர் எராஸ்மஸ் பார்த்தொலின் ஐஸ்லாந்துக் கால்சைட்டில் இரட்டை ஒளிவிலகலைக் கண்டு எழுதியது முதல், திசைக்குத் திசை மாறும் ஒளியியல் பண்பு என்றாலே அணுக்களின் அடுக்குமுறைதான் நினைவுக்கு வருகிறது. படிகத்தைப் பொறுத்தவரை அது சரியே; ஆனால் அப்பண்பு வடிவத்திலிருந்தும் பிறக்கலாம் என்பதே இத்துறையின் அடிப்படை.

படிக ஒழுங்கற்ற சிலிக்கனுக்கு எல்லாத் திசைகளும் ஒன்றே. அதையே நீள்வட்டக் குறுக்குவெட்டுள்ள தூணாகச் செதுக்கினால், நெடிய அச்சின் திசையில் அதிரும் ஒளி சிலிக்கனுக்குள் மிகுதியாக அடங்கி அதிகம் தாமதிக்கிறது. குறுகிய அச்சின் திசையில் அதிரும் ஒளி அத்துணை தாமதிப்பதில்லை. இரண்டு விட்டங்களையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பதால், இரு தளவிளைவுகளின் கட்டங்களையும், அதாவது அலையின் முகடும் அகடும் வந்து சேரும் நிலையையும், தனித்தனியே வகுக்க இயலுகிறது. தூணை அதன் இடத்திலேயே திருப்பி வைப்பது மூன்றாவது பிடியாக அமைகிறது. 2015இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் அமீர் அர்பாபி, ஆண்ட்ரே ஃபரோன் முதலியோர் 715 நானோமீட்டர் உயரத் தூண்களைக் கொண்டு, 915 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இதை நிகழ்த்திக் காட்டினர். ஒரே தகடு ஒரு தளவிளைவுக்கு ஓர் உருவத்தையும் மற்றதற்கு வேறோர் உருவத்தையும் தோற்றுவித்தது. படிகத் தகடு எவ்வளவு தூயதாயினும், தன் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் வெவ்வேறு விதமாக இயங்க அதனால் ஆகாது.

மீப்பரப்புக்கு உலோகம் இன்றியமையாதது என்பது இன்னொரு நம்பிக்கை. 2011இல் ஹார்வர்டின் ஃபெடரிகோ கப்பாசோ குழு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, ஆங்கில வி எழுத்து வடிவிலான தங்க அலைவாங்கிகளைப் பயன்படுத்தியதால் இவ்வெண்ணம் பரவியது. உலோகம் ஒளியை உட்கவர்ந்து வெப்பமாக்குகிறது. மின்கடத்தாப் பொருளில் அவ்விழப்பு மிகக் குறைவாதலால், கலிபோர்னியா குழுவின் கருவிகள் 72 முதல் 97 விழுக்காடு வரை திறன் காட்டின. சிலிக்கன் ஒளிபுகாதது என்ற தயக்கமும் கண்ணுறு ஒளிக்கே பெரிதும் பொருந்தும். அங்கே டைட்டானியம் டை ஆக்சைடு கைகொடுக்கிறது.

தூணைத் திருப்பினால் ஒளியின் கட்டம் மாறும் என்பது நானோ தொழில்நுட்பம் தந்த புதுமை எனக் கருதுவோரும் உளர். தளவிளைவு மாறும் பாதையின் வடிவமே கட்டத்தை உண்டாக்கும் என்பதைச் சர் சி. வி. ராமனின் சகோதரி மகன் சி. பஞ்சரத்னம் 1956இலேயே பெங்களூரிலிருந்து எழுதிவிட்டார். அந்தக் கட்டம் இன்று அவர் பெயரையும் தாங்கி நிற்பது முற்றிலும் தகும்.

இத்தகடுகள் விரைவில் எல்லாக் கண்ணாடி வில்லைகளையும் ஒழித்துவிடும் என்னும் எதிர்பார்ப்பு மட்டும் மிகையானது. ஓர் அலைநீளத்துக்கென வகுக்கப்பட்ட எளிய மீப்பரப்பு வில்லை பிற நிறங்களை வேறு தொலைவுகளில் குவிக்கிறது. கண்ணாடி வில்லைக்கு நேர்மாறாக, அதில் சிவப்பு ஒளி நீல ஒளியைவிட அருகில் குவிகிறது.