செவியின் சல்லடை

நுழையும்முன்

பேசும் வாய் ஒன்றாயினும் கேட்கும் செவிகள் பல. ஒரே சொல்லை ஆங்கிலேயர் ஒருவாறும் ஜப்பானியர் வேறொருவாறும் கேட்கின்றனர். அமெரிக்கரின் ஆங்கில ஒலிப்பு பிறநாட்டார் செவிகளில் எவ்வாறு விழுகிறது என்பதையும், கேட்போரின் தாய்மொழிக்கு அதில் உள்ள பங்கையும் இப்பாடம் ஆராய்கிறது.

மீனவச் சிறுவன் கேட்ட ஆங்கிலம்

1841ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் தோசா பகுதியைச் சேர்ந்த ஐந்து மீனவர்கள் புயலில் சிக்கி ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கினர். அவர்களுள் இளையவர் மஞ்சிரோ; பதினான்கு வயதினர். சில திங்களுக்குப்பின் அவ்வழியே வந்த அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களை மீட்டது. கப்பல் தலைவர் வில்லியம் விட்ஃபீல்டு சிறுவனைத் தம்முடன் மாசசூசெட்சு மாநிலத்து ஃபேர்ஹேவன் நகருக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். 1851இல் தாயகம் திரும்பிய மஞ்சிரோ, 1859இல் ஜப்பானியருக்கென ஆங்கில உரையாடல் நூல் ஒன்றை இயற்றினார்.

மஞ்சிரோ ஆங்கிலத்தை எழுத்துவழி அறிந்தவர் அல்லர். மாலுமிகளின் வாய்வழி முதலில் கற்றவர். ஆகவே, தம் செவியில் விழுந்தவாறே சொற்களை ஜப்பானிய எழுத்தில் வரைந்தார். ‘வாட்டர்’ என்பதை ‘வரா’ என்றும், ‘சண்டே’ என்பதை ‘சன்ரே’ என்றும் அவர் குறித்தார். இன்றைய ஜப்பானியர் எழுத்தைப் பின்பற்றி ‘வோட்டா’ என்கின்றனர். அமெரிக்கரின் உண்மை ஒலிப்புக்கு இவற்றுள் நெருக்கமானது மஞ்சிரோவின் ‘வரா’ என்றே கூறவேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு உயிரொலிகளுக்கு இடையே வரும் டகரத்தை, அடுத்த அசை அழுத்தம் பெறாதபோது, அமெரிக்கர் முழுமையாக ஒலிப்பதில்லை. நுனிநா மேற்பல் அடியை ஒருமுறை தட்டிவிட்டு விலகுகிறது. இவ்வாறு பிறப்பதை மொழியியலார் வருடொலி என்பர். ஜப்பானிய மொழியின் ரகரமும் நம் தமிழின் இடையின ரகரமும் இவ்வகையினவே. எனவே, அமெரிக்கர் டகரம் என்று கருதிச் சொல்வதை ஜப்பானியர் ரகரமாகக் கேட்கின்றனர். ‘இப்போது மணி என்ன?’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை, ‘ஹொத்தா இமோ இஜிருனா’ என்னும் ஜப்பானியத் தொடராகச் சொல்லிப் பழகும் வேடிக்கை அந்நாட்டில் உண்டு. அத்தொடரின் பொருள், ‘தோண்டிய கிழங்கைத் தொடாதே’ என்பதாகும். அதனை விரைந்து சொன்னால் அமெரிக்கர் மணி பார்த்துச் சொல்லிவிடுவார் என்பர்!

தாம் டகரத்தை மாற்றி ஒலிப்பது பெரும்பாலான அமெரிக்கருக்குத் தெரிவதில்லை. இது வியப்பன்று. ‘பட்டம்’ என்னும் சொல்லின் டகரமும் ‘படம்’ என்னும் சொல்லின் டகரமும் ஒலியால் வேறானவை. முன்னது வல்லென்றும் பின்னது மெல்லென்றும் ஒலிக்கும். இந்தி பேசுவோர் அவற்றை இருவேறு எழுத்துகளாகவே கேட்பர். நாமோ ஓரெழுத்தாகவே கேட்கிறோம், அவ்வாறே எழுதுகிறோம்.

சல்லடை

ஒவ்வொருவரும் தம் தாய்மொழியின் ஒலியமைப்பைச் சல்லடையாகக் கொண்டே பிறமொழியைக் கேட்கின்றனர் என்று ரஷ்ய மொழியியலாளர் துருபெத்ஸ்கோய் விளக்கினார். அவருடைய ஒலியனியல் நூல் 1939இல் வெளிவந்தது. தம் மொழியில் பொருளை வேறுபடுத்தும் ஒலிகளே சல்லடையில் தங்குகின்றன, ஏனையவை நழுவிவிடுகின்றன. இச்சல்லடை பிறவியில் அமைவதன்று. ஆங்கிலத்தின் ரகர லகர வேறுபாட்டை ஆறு முதல் எட்டுத் திங்கள் நிரம்பிய ஜப்பானியக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளுக்கு இணையாக உணர்கின்றன. ஓராண்டு நிரம்புவதற்குள் அத்திறன் குறைந்துவிடுகிறது. பத்ரீசியா கூல் முதலியோரின் ஆய்வுகள் இதனைக் காட்டியுள்ளன.

வளைநா ரகரம்

ஆங்கிலேயர் செவிக்கு அமெரிக்க ஒலிப்பின் முதல் அடையாளம் ரகரமே. ‘கார்’ என்னும் சொல்லின் இறுதி ரகரத்தைத் தென்இங்கிலாந்தினர் ஒலிப்பதில்லை. ‘கா’ என நீட்டி நிறுத்துவர். பெரும்பாலான அமெரிக்கர் அதனை நாவளைத்து முழுமையாக ஒலிப்பர். இதனால் அமெரிக்கரே புதிதாக ரகரத்தைச் சேர்த்தனர் என்று எண்ணுவோர் உளர். உண்மை அதற்கு மாறானது. குடியேறிகள் அமெரிக்காவுக்குச் சென்ற பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ரகரத்தை ஒலித்தனர். இலண்டனில் அது தேய்ந்து வருவதை ஜான் வாக்கர் 1791இல் வெளியிட்ட தம் ஒலிப்பு அகராதியில் குறிப்பிட்டார். மாறியவர் ஆங்கிலேயர், இவ்வொன்றில் பழமையைக் காத்தவர் அமெரிக்கர்.

தமிழர் செவியில் இந்த ரகரம் எவ்வாறு விழுகிறது? நம் ரகரமாக அன்று, ஏறத்தாழ ழகரமாக. அமெரிக்கர் சிலர் நுனிநாவை மேல்நோக்கி வளைத்தும், சிலர் நாவின் நடுப்பகுதியைத் திரட்டியும் இவ்வொலியை எழுப்புகின்றனர். வளைப்பவரின் நாநிலை நம் ழகரத்தின் நாநிலைக்கு மிக அணுக்கமானது. நுனிநா மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை வருடுவதால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியம் அவ்விரண்டையும் ஒரே நூற்பாவில் வைத்துக் கூறுவது இங்கு எண்ணத்தக்கது. ழகரத்தைக் கற்பிக்க அயல்நாட்டு மாணவர் கிடைத்தால், அமெரிக்கரே ஆசிரியரின் உழைப்பை மிகுதியும் குறைப்பர்!

மூக்கும் தாளமும்

அமெரிக்கர் மூக்கால் பேசுகின்றனர் என்பது ஐரோப்பியரின் பழைய குறை. மெல்லின மெய்க்கு முன்வரும் உயிரொலியை அமெரிக்கர் மூக்கின் வழியும் செலுத்துவதே இதன் அடிப்படை. குறைகூறியோர் ஒலியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் பிரான்செஸ் ட்ரோலப், 1832இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கர் வாயிலிருந்து செவ்விதாய் ஒலிக்கப்பட்ட தொடரைத் தாம் கேட்டதே அரிது என்று எழுதினார். அவர் கேட்டது ஒலிப்பை, எழுதியது தீர்ப்பை.

இத்தாலியர் கேட்ட முறை வேறு. 1972இல் அட்ரியானோ செலென்டானோ என்னும் இத்தாலியப் பாடகர், அமெரிக்க ஆங்கிலம்போல ஒலிக்கும் பொருளற்ற பாடல் ஒன்றை வெளியிட்டார். ‘ஆல் ரைட்’ என்பது தவிர அதில் பொருள் தரும் ஆங்கிலம் இல்லை. ஆயினும், கேட்போர் அதனை ஆங்கிலம் என்றே மயங்குவர். இத்தாலியத்தில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். அசைகள் ஏறத்தாழ ஒத்த அளவில் நடக்கும். ஆங்கிலத்திலோ அழுத்தம் பெற்ற அசை ஓங்க, பிற அசைகள் தேய்ந்து விழுங்கப்படும். அந்தத் தாளமும் வளைநா ரகரமும் இருந்தால், சொற்கள் இல்லாமலேயே ‘அமெரிக்கர்’ தோன்றிவிடுகிறார்.

ஒன்றா, பலவா?

வெளிநாட்டார் செவிக்கு ஒன்றாய்த் தோன்றும் அமெரிக்க ஒலிப்பு, அந்நாட்டினர் செவிக்குப் பலவாகும். பாஸ்டன், டெக்சாஸ், சிகாகோ ஆகிய இடத்தவரை அவர்கள் ஓரிரு தொடர்களிலேயே வேறுபடுத்துவர். நியூயார்க்கில் ஒருகாலத்தில் ஆங்கிலேயரைப்போல ரகரத்தை விடுவதே உயர்ந்தோர் வழக்கு. குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவ்வாறு பேசியவர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் இம்மதிப்பு தலைகீழாயிற்று. 1962இல் வில்லியம் லபோவ் அந்நகரின் மூன்று பெருங்கடைகளில் 264 பணியாளர்களிடம், ‘நான்காம் தளம்’ என்னும் விடை வருமாறு வினவினார். அதற்குரிய ஆங்கிலத் தொடரில் ரகரம் இருமுறை வரும். செல்வர் நாடும் கடையில் ரகரத்தை ஒருமுறையேனும் ஒலித்தவர் ஐவரில் மூவர்; இடைநிலைக் கடையில் ஏறத்தாழ இருவரில் ஒருவர்; மலிவுவிலைக் கடையில் ஐவரில் ஒருவர். இலண்டனில் உயர்வைக் காட்டிய அதே ரகரமின்மை, நியூயார்க்கில் தாழ்வைக் காட்டியது.

இத்தகைய மதிப்பீடு வாழ்வையும் தொடும். வீடு வாடகைக்கு விடுவதில் இன வேற்றுமை காட்டுவதை அமெரிக்கா 1968இல் சட்டத்தால் தடுத்தது. ஆப்பிரிக்க அமெரிக்கரான மொழியியலாளர் ஜான் பா, சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்து வீட்டு உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார். கறுப்பர், மெக்சிகோ வழியினர், வெள்ளையர் ஆகிய மூவகையினரின் ஒலிப்பிலும் அவராலேயே பேச இயலும். சொற்களை மாற்றாமல் ஒலிப்பை மட்டும் மாற்றி வீடு பார்க்க நேரம் கேட்டார். வெள்ளையர் மிகுந்த பகுதிகளில், முதலிரு ஒலிப்புகளில் கேட்டபோது நேரம் கிடைத்தது மிகக் குறைவு. 1999இல் வெளியான அந்த ஆய்வின் மற்றொரு பகுதியில், ‘ஹலோ’ என்னும் ஒரு சொல்லை மட்டும் கேட்டவர்கள், அது எவ்வகை ஒலிப்பு என்பதைப் பத்தில் ஏழுமுறைக்கு மேல் சரியாகச் சொன்னார்கள்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப் பேச்சில் அயலூரார் உடனே அடையாளம் காணும் ஒலி எது என வினவி அறிக. அவ்வொலி பிறக்கும்போது நா, இதழ், மூக்கு ஆகியவை இயங்கும் முறையைக் கவனித்து ஒரு பத்தி எழுதுக. அவ்வொலியைக் கேட்டதும் உங்களைப் பற்றி அவர்கள் என்ன எண்ணினர் என்பதைக் கேட்டு, மற்றொரு பத்தியில் எழுதி வகுப்பில் படிக்க.