பாம்பு விற்பனையும் வனவிலங்குச் சட்டமும்

விடியுமுன் பால்மரம் சீவச் செல்வோர் மலைப்பாம்பைக் காண்பது அரிதன்று. முன்னாளில் அதை அடித்துக் கொல்வர். அல்லது விலகிச் செல்வர். இன்றோ அதைக் கோணியில் கட்டி, கைத்தொலைபேசியில் படம் பிடித்து, விலைக்கு உண்டு என்று பரப்புவோரும் உளர். வாங்குவதற்கும் ஆள் இருக்கின்றது. நகரங்களில் பாம்பு, ஆமை, பல்லி முதலிய ஊர்வனவற்றை ஆசைக்காக வளர்ப்போர் உண்டு. அவர்கள் கூடும் கண்காட்சிகளில் அவை காட்டப்படுவதோடு விற்கவும் படுகின்றன. இவ்விற்பனையைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது என்பதைத் தோட்ட மக்களாகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் நடப்புக்கு வந்தது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. இச்சட்டம் விலங்குகளை இரு பட்டியல்களில் அடக்குகின்றது. ஒன்று பாதுகாக்கப்பட்டவை, மற்றொன்று முற்றாகப் பாதுகாக்கப்பட்டவை. முதற்பட்டியலில் உள்ளதைப் பிடிக்கவும், வைத்திருக்கவும், வாணிகம் செய்யவும் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவின் உரிமம் தேவை. இரண்டாவதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும். நம் தோட்டத்து மலைப்பாம்பும், ஓடைக்கரையில் திரியும் பெரிய நீருடும்பும் முதற்பட்டியலைச் சேர்ந்தவை.

'பிடிப்பதுதானே குற்றம், காசு கொடுத்து வாங்கியவனுக்கு என்ன?' என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. உரிமமின்றி வைத்திருப்பதே குற்றமாகும். ஒருவர் கோணியில் கட்டிய பாம்பைத் தரகர் வாங்குகிறார். அவர் அதைக் கண்காட்சியில் கடை போடுபவரிடம் தள்ளுகிறார். அங்கு வரும் இளைஞர் ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நான்கு கை மாறியும் அப்பாம்பின் குற்றம் கழுவப்படவில்லை. நால்வரும் பொறுப்பாளிகளே. எனினும், இவர்களுள் மிகக் குறைந்த பணம் பெறுபவர் புதரில் இறங்கிப் பிடித்தவரே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

2021 அக்டோபரில் மக்களவை இச்சட்டத்தின் திருத்தத்தை ஏற்றது. அது 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமாயிற்று. மிகக் கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும், 15 ஆண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. உரிமமின்றி வனவிலங்கை விற்பதாக விளம்பரம் செய்வதும் குற்றமாக்கப்பட்டது. ஆகவே, விளையாட்டாக இட்ட ஒரு படமே ஒருவரை வழக்கில் சிக்க வைக்கலாம்.

இத்தகைய சட்டம் முன்மொழியப்படும்போதெல்லாம், கண்காட்சிகள் அடியோடு நின்றுவிடுமோ என்னும் ஐயம் வளர்ப்போரிடையே எழுவது இயல்பு. சட்டம் அவற்றை மூடச் சொல்லவில்லை. வனவிலங்குக் கண்காட்சிக்கும், வாணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்வதற்கும் அனுமதி பெற வழி வைத்துள்ளது. அது கேட்கும் கேள்வி, 'இவ்வுயிர் எங்கிருந்து வந்தது?' என்பதே. பெட்டியில் பொரித்து வளர்த்த குட்டிக்குத் தாயின் பதிவும் உரிமத்தாளும் காட்டலாம். காட்டில் பிடித்ததற்கு அவ்வாறு காட்ட இயலாது. அதன் செதில்களுக்கிடையே உண்ணிகள் ஒட்டியிருப்பதும், உடலில் பழைய காயத் தழும்புகள் இருப்பதும் உண்டு. ஒழுங்காக வளர்த்து விற்பவருக்கு இச்சட்டம் துணையே என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டுக்குச் சென்று வருவோர்க்கு ஒரு சொல். முதுகில் விண்மீன் கோலமுள்ள நட்சத்திர ஆமை இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. 2019இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அதன் பன்னாட்டு வாணிகத்தைத் தடுக்கும் முதற்பட்டியலில் அதைச் சேர்த்தன. சென்னை விமான நிலையத்தில் கோலாலம்பூருக்குப் புறப்படும் பைகளிலிருந்து இவ்வாமைகள் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன. பிறர் தரும் பொட்டலத்தை, உள்ளே என்னவென்று பாராமல் வாங்காதீர்கள்.

லயத்திலோ வெட்டு நிரையிலோ பெரிய பாம்பு தென்பட்டால், பிள்ளைகளை அப்பால் அழைத்துச் சென்று, அதன்மீது ஒரு கண் வைத்துக்கொண்டு, தோட்ட நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். தீயணைப்புப் படையினரும், பொதுத் தற்காப்புப் படையினரும் பாம்பு பிடிப்பதில் பயிற்சி பெற்றவர்கள்; அவசரத்திற்கு 999 என்ற எண்ணை அழைக்கலாம்.