மன்னரை நெருங்க நெருங்க

அன்புள்ள யாழினி,

எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறையைத் திறந்தவர்கள் எல்லாரும் சாபத்தால் செத்தார்களாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறாய். இல்லை என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். நாளை வேறொருவர் ஆமாம் என்றால் அதையும் நம்பிவிடுவாயே! ஆகவே அந்தச் சாவுப் பட்டியல் எப்படித் தயாரானது என்று பார். சாபத்தின் பலமெல்லாம் பட்டியலில்தான் இருக்கிறது.

1922 நவம்பர் 4 அன்று, லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையிலுள்ள அரசர் பள்ளத்தாக்கில், அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் பாறையில் வெட்டிய படி ஒன்றைக் கண்டார்கள். மூன்று வாரம் கழித்து அவரும், அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபுவும், பிரபுவின் மகள் ஈவ்லினும் கல்லறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். 1923 ஏப்ரல் 5 அன்று கார்னர்வன் கெய்ரோவில் இறந்தார். கொசு கடித்த இடத்தில் சவரக் கத்தி பட்டு, புண் சீழ் பிடித்து, நஞ்சு ரத்தத்தில் கலந்து, கடைசியில் நிமோனியா கண்டது. பென்சிலின் கண்டுபிடிக்கப்படாத காலம். முன்பு ஒரு கார் விபத்தில் அடிபட்டதிலிருந்தே அவர் நோயாளி. எகிப்துக்கு வரத் தொடங்கியதே இங்கிலாந்தின் குளிருக்குத் தப்பத்தான். ஆனால் கல்லறைச் செய்திகளுக்கான தனியுரிமையை லண்டன் 'டைம்ஸ்' விலைகொடுத்து வாங்கியிருந்தது. மற்றப் பத்திரிகைக்காரர்கள் வெளியே காய்ந்துகொண்டிருந்தார்கள். சாபத்தைப் பற்றி எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அதன்பின் யார் இறந்தாலும் கணக்கில் சேர்ந்தார்கள். கல்லறையைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கச் செல்வர் ஜார்ஜ் ஜே கூல்ட் அதே ஆண்டு மே மாதம். கார்னர்வனின் தம்பி ஆப்ரி ஹெர்பர்ட் செப்டம்பரில். பழைய கல்யாண வீட்டுப் படம் ஒன்றை எடுத்துவைத்து, அதில் இறந்தவர்களை மட்டும் வட்டமிட்டால் அந்தக் கல்யாணத்துக்கும் ஒரு சாபம் கிடைத்துவிடும். உயிரோடு இருந்தவர்களையும் சேர்த்து எண்ணியவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் வின்லாக். 1934இல் அவர் போட்ட கணக்கு இது: கல்லறை திறந்தபோது இருந்த 26 பேரில் பத்தாண்டுக்குள் இறந்தவர்கள் 6, கல்பேழை திறந்ததைப் பார்த்த 22 பேரில் 2, மம்மியின் துணியைப் பிரித்தபோது நின்ற 10 பேரில் ஒருவருமில்லை. மன்னரை நெருங்க நெருங்கச் சாவு குறைகிறது! விசித்திரமான சாபம்தான். மம்மியை அறுத்துச் சோதித்த டாக்டர் டக்ளஸ் டெரி 1961 வரையிலும், ஈவ்லின் 1980 வரையிலும் இருந்தார்கள். முதல் குற்றவாளியான கார்ட்டர் 1939இல், 64 வயதில் இறந்தார்.

2002இல் மார்க் நெல்சன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வாளர், கார்ட்டர் குறிப்பிட்ட 44 மேலைநாட்டவரை எடுத்துப் பார்த்தார். சாபத்துக்கு ஆளாகியிருக்கக்கூடிய 25 பேர் சராசரியாக 70 வயதிலும், மற்றவர்கள் 75 வயதிலும் இறந்திருந்தார்கள். ஐந்து வயது குறைகிறதே என்று நீ பிடித்துக்கொள்வாய். இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஓரிருவர் நீண்ட நாள் வாழ்ந்தாலே சராசரி நகர்ந்துவிடும். புள்ளியியல் கணக்குப்படி அந்த வித்தியாசத்துக்குப் பொருளில்லை. உள்ளே போனவர்கள் அதன்பின் சராசரியாக 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள்.

சாபம் பொய், ஆனால் பூஞ்சைக் காளான் கொன்றிருக்கலாமே என்பவர்களும் உண்டு. இது கொஞ்சம் மதிக்கத்தக்க வாதம். ஆனால் கார்னர்வனின் நோய் தொடங்கியது கன்னத்துப் புண்ணில், நுரையீரலில் அல்ல. அதே காற்றைப் பத்தாண்டு சுவாசித்த கார்ட்டருக்கு அது ஒன்றும் செய்யவில்லை. சாப வாசகமோ அந்தக் கல்லறையில் எங்குமே இல்லை. முதலையும் பாம்பும் கடிக்கட்டும் என்ற வாசகங்கள் இருப்பது அதைவிட ஆயிரம் ஆண்டுக்குமேல் பழமையான, பிரபுக்களும் அலுவலர்களும் கட்டிக்கொண்ட சில கல்லறைகளில்.

இன்னொன்றையும் கவனி. பத்திரிகைகளின் பட்டியலில் பெரும்பாலும் ஐரோப்பியரும் அமெரிக்கரும்தான். படியைக் கண்டு, கூடை கூடையாக மண் சுமந்து, அந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் எகிப்தியத் தொழிலாளர்கள். நெல்சனின் 44 பேரிலும் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

அன்புடன்,
உன் சித்தப்பா